களியும் சாறும்

சென்ற கார்த்திகைத் திங்களில் ஒரு நாள் மாலை, நான்காம் வகுப்பிற் படிக்கும் என் மகள் என்னிடம் வந்து, "அப்பா, களி என்பது ஜெயிலில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் சாப்பாடா?" என்று கேட்டாள். தொலைக்காட்சியில் ஏதோ ஒரு தமிழ்ப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒருவன் மற்றொருவனைப் பார்த்து, 'உன்னைக் களி தின்ன வைக்கிறேன்' என்று சூளுரைத்தானாம். குழந்தைக்கு அதன் பொருள் விளங்கவில்லை.

நான் விடை கூறுமுன் என் பார்வை தானாகவே அடுக்களைப் பக்கம் சென்றது. அங்கே என் தாயார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பாலக்கோட்டுக்கு அருகே ஒரு சிற்றூரில் அறுபது ஆண்டுக் காலம் களியும் கூழும் உண்டு, அவற்றைக் கொண்டே எங்களையும் வளர்த்து ஆளாக்கியவர்கள். அவர்கள் தலை நிமிரவில்லை. ஆயினும் பேத்தியின் கேள்வி செவியில் விழுந்தது என்பதைக் கீரை ஆய்ந்த கைகள் சற்றே நின்றதிலிருந்து உணர்ந்துகொண்டேன்.

அப்பொழுதுதான் ஓர் உண்மை எனக்கு உறைத்தது. என் தாயார் மைசூருக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இந்த மூன்று ஆண்டுகளில் ஒரு நாளேனும் அவர்கள் களி கிண்டியதில்லை. முன்பு ஒரு முறை நான் கேட்டபொழுது, "உன் ஆபீசுக்காரர்கள் வந்து போகிற வீடு, கண்ணு. களிச் சட்டி அடுப்பில் இருந்தால் நன்றாயிருக்குமா?" என்று கூறிவிட்டார்கள். நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாததற்குக் காரணம், என் உள்ளத்திலும் அதே கூச்சம் இருந்ததுதான் என்பதை இங்கு மறைப்பதற்கில்லை.

சமையற் கட்டுரை எழுத ஓர் இரயில்வே எழுத்தருக்கு என்ன தகுதி என்று சகோதரிகள் வினவலாம். தகுதி ஒன்றும் இல்லை. எனினும் நம் சங்கத்துக் குடும்பங்களில் பல, தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், வேலூர்ப் பக்கங்களிலிருந்து வந்தவை. எங்கள் வீட்டில் நிகழ்ந்தது உங்கள் வீடுகளிலும் நிகழ்ந்திருக்கக் கூடும் என்னும் எண்ணமே இதனை எழுதத் தூண்டிற்று.

பக்கத்து வீட்டுக் கிண்ணம்

மார்கழி பிறந்ததும் தாயாருக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவர் மருந்து கொடுத்தார்; காய்ச்சலும் தணிந்தது. ஆனால் உணவு மட்டும் இறங்கவில்லை. குழைந்த சோற்றை இரண்டு வாய் உண்டு தட்டை நகர்த்திவிடுவார்கள். நான் கடைக்குச் சென்று, வெந்நீரிற் கரைத்துக் குடிக்கும் பொட்டலச் சூப்பு வாங்கி வந்தேன். ஒரு மிடறு அருந்திவிட்டு, "உப்புத் தண்ணீராயிருக்கிறதே!" என்று கீழே வைத்துவிட்டார்கள்.

செய்தி அறிந்த பக்கத்து வீட்டுக் கன்னட அம்மையார், மறுநாள் ஒரு கிண்ணத்தில் தெளிந்த சாறு கொண்டுவந்தார். பயறும் கீரையும் வெந்த நீரில் பூண்டு, மிளகு, சீரகம் சேர்த்துக் கொதிக்கவைத்தது. தாயார் கிண்ணத்தைக் காலி செய்தார்கள். அதற்கு மறுநாளும் சாறு வந்தது. நான்காம் நாள், மூடிய தட்டில் எலுமிச்சம்பழ அளவில் இரண்டு கருமையான உருண்டைகளும் வந்தன. திறந்து பார்த்த தாயார், "களி!" என்றார்கள். "முத்தே" என்றார் அந்த அம்மையார்.

தம் வீட்டில் நாள்தோறும் இதுதான் உணவென்றும், மகன் வங்கியில் மேலாளர் ஆனபின்பும் முத்தே இல்லாமல் அவனுக்கு உறக்கம் வராதென்றும், தமிழர்களுக்கு இது பிடிக்குமோ பிடிக்காதோ என்றெண்ணியே இதுவரை கொடுக்கவில்லை என்றும் அந்த அம்மையார் கன்னடத்திற் கூறினார். எங்கள் ஊர்ப் பக்கம் கன்னடம் கேளாத செவியில்லை. தாயாருக்கு எல்லாம் விளங்கிற்று. இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். சுவருக்கு அப்பால் மதிப்போடு உண்ணப்பட்ட உணவை, சுவருக்கு இப்பால் நாங்கள் மூன்று ஆண்டுகளாக மறைத்து வைத்திருந்தோம்!

இழிவு எங்கிருந்து வந்தது?

ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னை மாகாணத்துச் சிறைகளில் கேழ்வரகு கைதிகளின் உணவாயிருந்தது. 'களி தின்பது' என்னும் வழக்கு அதனால் எழுந்தது. ஆனால் அச்சிறைகளிலே நாட்டு விடுதலைக்காகப் புகுந்த பெரியோர்களும் அதே உணவை உண்டார்கள் என்பதை நாம் மறந்துவிட்டோம். அரிசிச் சோறு செல்வர் உணவு, கேழ்வரகு ஏழை உணவு என்னும் பிரிவினையும் அதனோடு சேர்ந்துகொண்டது.

அதே 'களி' என்னும் சொல் திருக்கோயிலிலும் உண்டு. மார்கழித் திருவாதிரையன்று கூத்தப்பிரானுக்குப் படைக்கப்படுவதும் களியே. விறகு விற்றுப் பிழைத்த சேந்தனார், மழையால் வேறொன்றும் கிடைக்காத நாளில் களி சமைத்து அடியாரை எதிர்பார்த்திருக்க, இறைவனே அடியாராய் வந்து அதனை உண்டார் என்பது வரலாறு. திருவாதிரைக் களி அரிசியாற் செய்வது. நம் களி கேழ்வரகாற் செய்வது. ஆயினும் எளியோர் கைக் களியை ஏற்றுக்கொண்ட பெருமை அச்சொல்லுக்கு உரியது. என் மகளுக்கு நான் கூறிய விடையும் இக்கதையே.

கன்னட நாட்டிலோ கேழ்வரகுக்கு ஒரு காவியமே உண்டு. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கனகதாசர் இயற்றிய 'ராமதான்ய சரிதெ'யில், நெல்லும் கேழ்வரகும் தம்முள் யார் உயர்ந்தவர் என்று வழக்கிட்டு இராமபிரான்முன் நிற்கின்றன. இரண்டையும் ஆறு திங்கள் அடைத்து வைக்குமாறு இராமர் பணிக்கின்றார். திறந்து பார்க்கையில் நெல் நலிந்திருக்கின்றது. கேழ்வரகு கெடாமல் இருக்கின்றது. ஆகவே தம் 'ராகவ' நாமத்தை அதற்கு அளிக்கின்றார். கதை எனினும் அதில் உண்மை உண்டு. கேழ்வரகு எளிதிற் புழு அரிக்காதது. பழைய மைசூர்ச் சீமையில் அதனை நிலத்தடிக் குழிகளில் கொட்டி ஆண்டுக் கணக்கில் பாதுகாத்தனர். மழை பொய்த்த காலங்களில் ஊரைக் காத்தது அக்குழிகளே. 1996-97ஆம் ஆண்டுகளில் நாட்டின் தலைமை அமைச்சராயிருந்த திரு. தேவே கௌடர் முத்தையை விரும்பி உண்பவர் என்பதும் நாடறிந்த செய்தி.

இன்னொரு வியப்பும் உண்டு. கேழ்வரகு நம் நாட்டிற் பிறந்த பயிரன்று. கிழக்கு ஆப்பிரிக்காவின் மேட்டு நிலங்களே அதன் பிறப்பிடம் என்று பயிர் நூலார் கூறுவர். அங்கிருந்து பன்னெடுங் காலத்துக்கு முன் இங்கு வந்து, இம்மண்ணின் சொந்தப் பயிராகிவிட்டது. உகாண்டா நாட்டின் மேற்குப் பகுதியில் இன்றும் கேழ்வரகு மாவைக் கொதிநீரிற் கிண்டி உருட்டி, குழம்பில் தோய்த்து உண்கிறார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'கலோ'. பெயரொற்றுமை தற்செயலாயினும் செய்முறை ஒன்றே. பிழைப்பை நாடி வேற்றூர் வந்த நமக்கு, நமக்கு முன்பே குடிபெயர்ந்து வந்து வேரூன்றிய இத்தானியத்தைவிடச் சிறந்த துணை வேறு எது?

ஒரு சொல், இரு வீடு

காய்ச்சல் நீங்கியபின் என் தாயாரும் அந்த அம்மையாரும் மாலைதோறும் திண்ணையில் அமர்ந்து சமையலைப் பற்றிப் பேசலாயினர். கேட்கக் கேட்க எனக்கு வியப்பு மேலிட்டது. கன்னடத்துச் 'சாரு'வும் தமிழ்ச் 'சாறு'ம் ஒரே சொல். வைணவ இல்லங்களில் ரசத்தை இன்றும் சாற்றமுது என்றே வழங்குவர். பேச்சில் அது 'சாத்தமுது' ஆகும். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மேலுக்கோட்டையிற் குடியேறிய ஐயங்கார் குடும்பங்கள், கன்னட நாட்டின் நடுவே வாழ்ந்தும் வீட்டில் தமிழ் பேசி, இச்சொல்லையும் காத்து வருகின்றனர்.

தமிழில் 'ப'கரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் 'ஹ'கரம் பெறும். பால் 'ஹாலு' ஆகும். பூ 'ஹூவு' ஆகும். புளி 'ஹுளி' ஆகும். நம் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் அவரை விதையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துப் 'பிதுக்கம் பருப்பு' என்போம். இங்கே அதுவே 'ஹிதுகித பேளே'. மார்கழி, தை மாதங்களில் தேவராஜ மார்க்கெட்டில் அவரைக்காய் குவிந்து கிடக்கும்பொழுது, வாங்குகின்ற கன்னடப் பெண்மணியும் தமிழ்ப் பெண்மணியும் காயை முகர்ந்து பார்த்தே தேர்கின்றனர். இருவரும் ஒரே மணத்தைத் தேடுகின்றனர். இங்குள்ளோர் அதனைச் 'சொகடு' என்பர்.

இனி, எங்கள் வீட்டில் மீண்டும் செய்யத் தொடங்கியுள்ள சில உணவுகளின் செய்முறைகளைக் கூறுகின்றேன். அளவுகள் நான்கு பேருக்கு உரியவை.

களி அல்லது முத்தே

கேழ்வரகு மாவு 2 தம்ளர், தண்ணீர் 4 தம்ளர், உப்பு சிறிது, நெய் அல்லது எண்ணெய் ஒரு கரண்டி. முதலில் ஒரு தேக்கரண்டி மாவைக் குளிர்ந்த நீரிற் கரைத்து, அடுப்பிலுள்ள தண்ணீரில் ஊற்றிக் கொதிக்கவிட வேண்டும். கொதி வந்ததும் மாவு முழுவதையும் நடுவே குவியலாகக் கொட்டிவிட்டு, கிளறாமல் விடுக. நெருப்பைத் தணித்து ஐந்து நிமிடம் வேகவிட்டு, துடுப்பின் காம்பால் குவியலை நான்கைந்து இடங்களிற் குத்தினால் கொதிநீர் உள்ளே ஏறும். மேலும் மூன்று நிமிடம் கழித்து, பாத்திரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு துடுப்பால் வலிவாகக் கிண்ட வேண்டும்.

கட்டி தட்டுவதற்குக் காரணம் அவசரமே. உலர்ந்த மாவு கொதிநீரைத் தொட்டவுடன் மேற்புறம் மட்டும் வெந்து ஒரு தோல் போலாகிவிடும். உள்ளே பச்சை மாவு சிறைப்பட்டுவிடும். முதலில் கரைத்து ஊற்றும் மாவும், குத்தி வேகவிடும் பொறுமையும் அதனைத் தடுக்கும். கோதுமை மாவிலுள்ள இழுவைத் தன்மை கேழ்வரகுக்கு இல்லை. நன்றாக வெந்தால்தான் உருண்டை நிற்கும். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டலாகாது, அதுவே பதம். பிறகு மூடிவைத்து இரண்டு நிமிடம் புழுங்கவிட்டு, ஈரக் கையால் உருட்டுக.

எங்கள் ஊர் வழக்கம் சற்று வேறு. முதலில் அரைத் தம்ளர் அரிசி நொய்யை 6 தம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, அதன்மேல் 2 தம்ளர் மாவைக் கொட்டிக் கிண்டுவோம். நொய் சேர்ந்த களி சற்று மென்மையாயிருக்கும். முதன்முறை உண்பவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். களியை மெல்லுவதில்லை, சிறிது கிள்ளி, சாற்றில் தோய்த்து விழுங்குவதே முறை. ஆதலால் சிறு குழந்தைகளுக்கு உருண்டையாகக் கொடுத்தலாகாது; கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்தலே தக்கது.

ஒரு கொதியில் இரண்டு கறி

களிக்குத் துணை 'பஸ்ஸாரு'. 'பசி' என்றால் கன்னடத்தில் வடித்தல். வடித்த சாறு என்பது பொருள். பச்சைப் பயறு அல்லது துவரம் பருப்பு அரைத் தம்ளரை 5 தம்ளர் தண்ணீரில், குழையாமல் மலரும்வரை வேகவைக்கவும். நறுக்கிய தண்டுக்கீரை 2 கட்டு சேர்த்து ஐந்து நிமிடம் கொதித்தபின், நீரை வேறு பாத்திரத்தில் வடித்துக்கொள்க. வதக்கிய வெங்காயம் 1, பூண்டு 6 பல், வறுத்த மிளகாய் 5, தனியா 2 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, தேங்காய்த் துருவல் 3 தேக்கரண்டி, நெல்லிக்காயளவு புளி ஆகியவற்றோடு, வெந்த பயறும் கீரையும் ஒரு கரண்டி சேர்த்து அரைத்து, வடித்த நீரிற் கலந்து உப்பிட்டுக் கொதிக்கவிடவும். கடுகு, கறிவேப்பிலை தாளித்தால் சாறு ஆயிற்று. எஞ்சிய பயறு கீரையைக் கடுகு, மிளகாய், தேங்காய் சேர்த்துத் தாளித்தால் பொரியல் ஆயிற்று. இங்கு அதனைப் 'பல்யா' என்பர்.

இதன் நுட்பம் வடிநீரை வீணாக்காமையே. கீரையிலும் பயற்றிலும் உள்ள உப்புச் சத்துகளிலும் உயிர்ச் சத்துகளிலும் ஒரு பகுதி வேகும்போது நீரில் இறங்கிவிடுகின்றது. அந்நீரைக் கொட்டுவது சத்தைச் சாக்கடைக்கு அளிப்பதாகும். உகாதியன்று ஒப்பட்டுக்காக வேகவைத்த பருப்பின் நீரைக்கூட இவர்கள் கொட்டுவதில்லை. அதில் ஒரு சாறு வைத்து, அதற்காகவே மறுநாளும் காத்திருந்து உண்பர். போளி செய்யும் நம் சகோதரிகள் இதனைக் கைக்கொள்ளலாம்.

கொள்ளுச் சாறும் இவ்வகையே. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்னும் பழமொழி நாம் அறிந்தது. கொங்கு நாட்டுக் கொள்ளு ரசத்திற்கும் இங்குள்ள 'ஹுருளிக் கட்டு' சாற்றிற்கும் வேறுபாடு மிகச் சிறிது. அரைத் தம்ளர் கொள்ளை இரவு முழுவதும் ஊறவைத்து, 4 தம்ளர் தண்ணீரில் குக்கரில் நன்றாக வேகவிட்டு, கருஞ்சிவப்பான அந்நீரை வடித்துப் புளி, பூண்டு, மிளகு, சீரகம் சேர்க்க வேண்டும். 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. அதிற் பெரும்பகுதி வெந்த கொள்ளிலேயே தங்குவதால், சாற்றை மட்டும் உண்டு கொள்ளை விலக்குதல் கூடாது; சுண்டலாகத் தாளித்து அதனையும் உண்ண வேண்டும்.

உண்டையும் உருண்டையும்

மைசூர் இல்லங்களின் சிறப்பான பலகாரம் 'நுச்சினுண்டே'. நுச்சு என்பது நொய். உண்டே என்பது நம் உண்டை. துவரம் பருப்பு 1 தம்ளர், கடலைப் பருப்பு கால் தம்ளர் ஆகியவற்றை மூன்று மணி நேரம் ஊறவைத்து, நீரை ஒட்ட வடித்து, பச்சை மிளகாய் 4, இஞ்சி ஒரு துண்டு சேர்த்துக் கரகரப்பாக அரைக்கவும். தேங்காய்த் துருவல் அரைத் தம்ளர், நறுக்கிய சதகுப்பைக் கீரை ஒரு கைப்பிடி, உப்பு, பெருங்காயம் கலந்து நீள் உருண்டைகளாகப் பிடித்து, இட்டலித் தட்டில் பதினைந்து நிமிடம் ஆவியில் வேகவிடுக. சதகுப்பையை இங்கு 'சப்பசிகெ சொப்பு' என்று கேட்டால் எக்கடையிலும் கிடைக்கும்.

இதுவே நம் பருப்பு உருண்டைக் குழம்பின் உடன்பிறப்பு. அதே மாவைச் சிறு உருண்டையாக உருட்டிக் கொதிக்கும் புளிக் குழம்பில் இடுவோம். இங்கு ஓர் எச்சரிக்கை. எல்லா உருண்டைகளையும் ஒருங்கே இடாமல், முதலில் ஒன்றை மட்டும் இட்டுப் பார்க்க வேண்டும். அது கரைந்தால் மாவில் நீர் மிகுந்துவிட்டது என்று பொருள்; ஒரு கரண்டி அரிசி மாவு சேர்க்கலாம், அல்லது மற்றவற்றை ஆவியில் வேகவைத்தபின் இடலாம். நுச்சினுண்டே செய்யும் நாளில் மாவிற் பாதியை எடுத்து வைத்துக் குழம்பு உருண்டையாக்கினால், ஓர் அரைப்பில் காலை உணவும் பகல் உணவும் முடிந்துவிடும்.

புலால் உண்ணும் குடும்பங்களுக்கு ஆட்டுக்கால் சாறும் நாட்டுக்கோழிச் சாறும் களிக்கு உற்ற துணை. இந்நாட்டுக் கிராமங்களில் விருந்தென்றால் முத்தையும் நாட்டுக்கோழிச் சாறுமே. ஆட்டுக்காலைத் தீயில் வாட்டிச் சுரண்டிக் கழுவி, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு, தட்டிய மிளகு, சீரகம் சேர்த்து இளந்தீயில் மூன்று மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். எலும்பைச் சுற்றியுள்ள தசைநார் மெல்ல மெல்லக் கரைந்து நீருக்கு வழவழப்பை அளிக்கும். கொதி பொங்கிக் கலங்கினால் சாறு தெளியாது. ஆதலின் அடக்கமான தீயே வேண்டும். குக்கரில் வைப்போர் முக்கால் மணி நேரத்தில் முடிக்கலாம்.

பொட்டலச் சூப்பின் பூர்வீகம்

தாயார் ஒதுக்கிய அந்தப் பொட்டலச் சூப்பைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலேயர் நம் நாட்டில் இருந்தபொழுது, சென்னையில் உண்ட மிளகுத் தண்ணீரில் ஆசை கொண்டு, இறைச்சியும் காயும் சேர்த்துத் தம் முறைப்படி மாற்றி, 'முல்லிகட்டானி' என்று பெயரிட்டுத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். அங்கே அது சமையல் நூல்களில் ஏறிற்று. தகர டப்பாவிலும் அடைக்கப்பட்டு விற்பனையாயிற்று. நம் தாய்மார் ஜலதோஷத்திற்கு வைத்துக் கொடுத்த மிளகுச் சாறு கடல் கடந்து சூப்பாயிற்று. நாமோ சூப்பு என்றால் கடைப் பொட்டலம் என்று எண்ணிக்கொண்டு, அடுப்பிலிருக்கும் சாற்றை மறந்துவிட்டோம்.

கேழ்வரகின் சத்தைப் பற்றியும் ஐயம் வேண்டா. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவே உண்டு. எலும்பு வளரும் குழந்தைகளுக்கும் எலும்பு தேயும் முதியோர்க்கும் இதன் பயன் சொல்லாமலே விளங்கும். தானியத்தை முளைகட்டி உலர்த்தி அரைத்தால் அதிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பது எளிதாகும். நம் ஊரிலேயே, செலுவாம்பா மாளிகையில் 1950ஆம் ஆண்டு தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், சிறுதானியங்களைப் பதப்படுத்தும் வழிகளையும் ஆராய்ந்து வந்துள்ளது. ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகவே கொண்டாடிற்று. உலகம் போற்றத் தொடங்கியபின் நாம் நாணுவதில் பொருளில்லை.

ஆயினும் ஒன்றைச் சொல்லுதல் கடமை. கேழ்வரகு நீரிழிவை நீக்கும் மருந்தன்று. அதிலும் மாச்சத்து நிறைய உண்டு; நீரிழிவு உடையோர் ஓர் உருண்டையோடு நிறுத்தி, கீரையையும் பயற்றையும் மிகுதியாக உண்ண வேண்டும். சிறுநீரகப் பிணி உடையோர் மருத்துவரைக் கேட்டே கொள்ளும் கேழ்வரகும் உண்க.

முடிவாக

பொங்கல் கழிந்த ஞாயிறன்று என் அலுவலக நண்பர்கள் இருவர் வீட்டிற்கு வந்தனர். தாயார் என்னைத் தனியே அழைத்து, "சோறு வடிக்கட்டுமா, கண்ணு?" என்று மெல்லக் கேட்டார்கள். "களியே கிண்டுங்கள், அம்மா" என்றேன். ஒரு கணம் என் முகத்தை உற்று நோக்கினார்கள். பிறகு துடுப்பை எடுத்தார்கள். பக்கத்து வீட்டு அம்மையார் பஸ்ஸாரு கொடுத்தனுப்பினார். நண்பர்களில் ஒருவர் ஹாசன் பக்கத்தவர். மூன்றாவது உருண்டையைத் தாமே கேட்டு வாங்கினார். மற்றவர் தஞ்சாவூர்க்காரர், களியை மென்றுவிட்டுத் திண்டாடினார். "மெல்லாதீர்கள் மாமா, விழுங்குங்கள்!" என்று என் மகள் அவருக்குப் பாடம் சொன்னாள்.

களி என்னும் சொல்லுக்கு மகிழ்ச்சி என்றும் ஒரு பொருள் உண்டு என்பதை அன்று என் தாயாரின் முகத்திற் கண்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருக்கலாம். காணாதது என் பிழை.

சங்கத்துச் சகோதர சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் முதியோர் ஒருவர், ஊரிலிருந்து கொண்டுவந்த ஏதோ ஓர் உணவை நமக்காக மறைத்துக்கொண்டிருக்கக் கூடும். அது களியாயிருக்கலாம், கம்பங்கூழாயிருக்கலாம், கருவாட்டுக் குழம்பாயிருக்கலாம். இந்த வாரமே அவரிடம் கேளுங்கள். செய்யச் சொல்லி, அருகே நின்று அளவையும் பதத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்தைப் பக்கத்து வீட்டிற்கும் கொடுத்தனுப்புங்கள். அடுத்த ஆண்டு விழாப் பந்தியில் சர்க்கரைப் பொங்கலுக்குப் பக்கத்தில் ஓர் உருண்டை களிக்கும் இடம் அளிக்குமாறு செயற்குழுவினரையும் பணிவோடு கேட்டுக்கொள்கின்றேன். கிண்டுவதற்கு என் தாயார் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.